ஹார்ஸ்கம் சாவுப் பலகை

ஏணியின் உச்சிப் படியில் நின்றுகொண்டு, எப்போதோ செத்துப்போன ஒரு கேப்டனின் குலச்சின்னத்தை மோந்து பார்ப்பது என் வயசுக்கு ஏற்ற வேலை இல்லை. என் முழங்கால்கள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

"என்ன வாசனை சார்? பிரபு வாசனையா, பெயின்ட் வாசனையா?" என்று கீழே ஏணியைப் பிடித்திருந்த டில்லி கேட்டாள்.

"பெயின்ட். புதுசு."

"அப்பாடா. பிரபு வாசனைன்னா ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்கும்."

டில்லி மட்ஜ் என் உதவியாளர். போர்க்காலத்தில் லண்டனில் குண்டு விழுந்த தெருக்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். அதற்குப் பிறகு அவள் எதற்கும் மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை. நான் ஹியூபர்ட் பிளென்கின். மற்ற துப்பறிவாளர்களுக்குப் பிணம், வைரம், ஓடிப்போன மனைவி என்று ருசியான வழக்குகள் வருகின்றன. எனக்கு வருவதெல்லாம் பட்டங்கள். எந்தப் பிரபு செத்தார், அடுத்தவர் யார், அவருடைய தாத்தா முறையாகப் பிறந்தவர்தானா என்று அடுத்தவர் வீட்டுப் படுக்கையறைக்குள் காலம் கடந்து எட்டிப் பார்க்கிற பிழைப்பு. எனக்கு இது அலுத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது.

இந்தமுறை ஹார்ஸ்கம் பிரபு. போன வருஷம் பிள்ளையில்லாமல் செத்துப்போனார். மிஸ் யூடோரா கார்வெல் என்று ஒரு தங்கை இருக்கிறார். ஆனால் பட்டம் பெண்ணுக்குப் போகாது, ஆண் வழியில்தான் இறங்கும். பட்டம் போகிற பக்கமே வீடும் போகவேண்டும் என்று முன்னோர்கள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். ஆகவே எல்லோரும் யூடோராவின் சித்தப்பா கேப்டன் ஆம்ப்ரோஸ் கார்வெலைத் தோண்டியெடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆம்ப்ரோஸ் மால்டா தீவில் பட்டாளத்தோடு இருந்தபோது ரோசினா பாஸ்கோம் என்ற பெண்ணோடு குடும்பம் நடத்தி ஒரு மகனைப் பெற்றார். கல்யாணம் செய்துகொண்டாரா இல்லையா என்பதுதான் கேள்வி. செய்திருந்தால் அவருடைய கொள்ளுப்பேரன் ஸ்டான்லி அடுத்த பிரபு. செய்யாவிட்டால் ஸ்டான்லியின் வம்சமே முறைகேடாகப் பிறந்தது என்றாகி, பட்டமும் வீடும் ஆம்ப்ரோஸின் தம்பி பேரன் பியர்ஸுக்குப் போய்விடும். பியர்ஸ், கூரை ஈயத்தையும் ஓக் உத்தரங்களையும் பெயர்த்து விற்க இப்போதே ஆள் பேசிவிட்டார். மால்டா பதிவேடுகளோ குண்டு விழுந்து சாம்பலாகிவிட்டன. மிச்சமிருந்த ஒரே சாட்சி, இந்தத் தேவாலயச் சுவரில் தொங்கிய சாவுப் பலகைதான்.

பெரிய வீட்டில் ஒருவர் செத்தால், அவருடைய குலச்சின்னத்தைச் சாய்சதுரப் பலகையில் வரைந்து வாசலுக்கு மேலே மாட்டுவார்கள். துக்கம் முடிந்ததும் பலகை தேவாலயத்துக்கு வந்துவிடும். பிரம்மச்சாரி என்றால் கேடயத்தில் அவருடைய சின்னம் மட்டும் இருக்கும். கல்யாணமானவர் என்றால் கேடயம் நடுவில் பிளந்து, இடது பாதியில் அவர் சின்னம், வலது பாதியில் மனைவி வீட்டுச் சின்னம். ஆம்ப்ரோஸின் கேடயம் பிளந்திருந்தது. இடதில் கார்வெல்களின் கலைமான் தலை, வலதில் மூன்று தங்கக் கோதுமைக் கட்டுகள். அதைப் படம் பிடித்து ஸ்டான்லியின் வக்கீல் பிரபுக்கள் சபையின் குழுவிடம் கொடுத்துவிட்டார். விசாரணை வியாழக்கிழமை. படத்தை நம்பாத பியர்ஸின் வக்கீல் கிரிம்ஷா என்னை அனுப்பியிருந்தார்.

நம்பாததில் தப்பில்லை. கலைமான் பழசு. கோதுமைக்கட்டு நேற்றுப் பிறந்தது. சுற்றியிருந்த கறுப்புப் பின்னணியில் பக்கத்துக் கணப்படுப்பின் புகைக்குழாய் பல வருஷக் கரியை அப்பியிருந்தது. கோதுமை மட்டும் குளித்துவிட்டு வந்ததுபோல் பளபளத்தது.

நான் இறங்கினேன். "ஸ்டான்லி என்ன தொழில் செய்யறார், டில்லி?"

"பப்புகளுக்குப் பேர்ப்பலகை வரையறார் சார். போன வசந்தத்துல இந்த சர்ச் வாசல் அறிவிப்புப் பலகைக்கும் அவர்தான் பெயின்ட் அடிச்சாராம். பாதிரியார் சொன்னார். கையில பிரஷ், பக்கத்துல ஏணி, உள்ளே கொள்ளுத்தாத்தா. கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?"

முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். அந்த நவம்பர் குளிரில் என் கால் வெந்நீரைத் தவிர வேறு எதையும் விரும்பவில்லை. ஆனால் அந்தக் கோதுமைக்கட்டுகள் என்னை விடவில்லை. ஒரு பட்டாளத்துக் குடியிருப்பில் வளர்ந்த பெண்ணுக்கு இவ்வளவு ஜம்பமான சின்னம் எங்கிருந்து வந்தது?

"முதல்ல எக்ஸெட்டர் போய் ஸ்டான்லியைப் பார்ப்போம்" என்றேன்.

"சாப்பாடு?"

"வழியில."

"வழியில ஆடுதான் சார் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்" என்று முணுமுணுத்தபடி மோரிஸ் காரைக் கிளப்பினாள்.

ஸ்டான்லி கார்வெலின் பட்டறை, குண்டு விழுந்து பாதி காலியான ஒரு தெருவின் கோடியில் இருந்தது. ஆள் ஒல்லி, காதோரம் பச்சைப் பெயின்ட். கிரீடம் வைத்த ஒரு பன்றியின் கண்ணை வரைந்துகொண்டிருந்தார். நான் யார் பக்கத்து ஆள் என்று சொன்னேன். அவர் பிரஷைக் கீழே வைக்கவில்லை.

"நான்தான் வரைஞ்சேன்னு சொல்ல வந்திருக்கீங்க, இல்லையா?"

"வரைஞ்சீங்களா?"

"அந்தப் பலகையை நேர்ல நிமிர்ந்து பார்த்ததுகூட இல்ல சார். வாசல்ல வேலை, காசு வாங்கினேன், வந்துட்டேன். உள்ளே போனா அந்தக் குடும்பத்துக் கல்லறைங்க. எங்களை சேர்த்துக்காதவங்க நடுவுல நான் எதுக்கு நிக்கணும்?"

"அப்புறம் எதுக்கு அவங்க பட்டம் மட்டும்?" என்று டில்லி கேட்டாள்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"பட்டத்தை வெச்சு நான் என்னம்மா பண்றது? பன்றிக்குக் கிரீடம் வரையற ஆளு நான். எங்க தாத்தா பள்ளிக்கூடத்துல படிச்ச காலத்துலேருந்து எங்க அப்பா சாகுற வரைக்கும், தப்பிப் பொறந்த கார்வெல்னுதான் கூப்பிட்டாங்க. அந்தப் பேரு போகணும். அது போனா போதும், வீட்டை அங்கே குடியிருக்கற கிழவியம்மாவே வெச்சுக்கட்டும்."

"ரோசினாவோட அப்பா யாரு?" என்றேன்.

"பட்டாளத்து கான்டீன்ல பீர் ஊத்தினவர். பாஸ்கோம் சார்ஜென்ட்."

"அவருக்குக் குலச்சின்னம் இருந்துதா?"

ஸ்டான்லி முதல்முறையாகச் சிரித்தார். "அவருக்கா? அப்படி வரையணும்னா மூணு பீர் குவளைதான் வரையணும்."

"நுரையோடவா?" என்றாள் டில்லி.

"நுரை இல்லாம வரைஞ்சா ஆவியா வந்து அடிப்பார்."

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் நான் பூட்ஸின் கயிற்றைத் தளர்த்தினேன். டில்லி வண்டியைக் கிளப்பினாள்; நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பொய் சொல்றாரா சார்?"

"இல்ல. யோசிச்சுப் பாரு. ஆம்ப்ரோஸுக்குக் கல்யாணம் ஆச்சுன்னு காட்ட ஒருத்தர் ஆசைப்படறார். கேடயத்துல பொண்டாட்டி பாதி இல்ல. உடனே குலச்சின்னப் புத்தகத்தைத் திறந்து, பாஸ்கோம்னு தேடி, சம்பந்தமே இல்லாத எவனோ ஒரு பணக்கார பாஸ்கோமோட கோதுமையைத் தூக்கி இங்கே வரைஞ்சுடறார். கல்யாணம்னு ஒண்ணு ஆனா பொண்ணு சின்னத்தோடதான் வரும்னு அவருக்கு அவ்வளவு நிச்சயம். பீர்க்காரர் வீட்ல சின்னம் இருக்காதுங்கறது அவருக்குத் தோணவே இல்ல. ஸ்டான்லிக்கு அது பால்குடி மறக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்போ வரைஞ்சது..."

"பெரிய வீட்ல பொறந்தவங்க. அந்தத் தப்பைப் பண்ண அவங்களாலதான் முடியும். பியர்ஸ் தனக்கு எதிரா தானே வரைய மாட்டார். மிச்சம் இருக்கறது யாரு?"

டில்லி பிரேக்கை அழுத்திய வேகத்தில் என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. "அந்தக் கிழவியம்மாவா? ஏணி ஏறியா?"

ஹார்ஸ்கம் மாளிகையின் வரவேற்பறையில் வாளிகளும் கிண்ணங்களும் அங்கங்கே வைக்கப்பட்டிருந்தன. கூரை ஒழுகும் ஓசை நாலாபக்கமும் கேட்டது. மிஸ் யூடோரா கார்வெல் வீட்டுக்குள்ளேயே ரோமக்கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியவர், முதுகு மட்டும் வளையவில்லை. சுவரெங்கும் அவர் வரைந்த பூக்களும் ஆற்றங்கரைகளும். ரேஷன் தேயிலையில் போட்ட டீ, கோப்பையின் அடி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது.

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. "கோதுமைக்கட்டை அழகா வரைஞ்சிருக்கீங்க, மிஸ் கார்வெல்."

அவர் டீப்பானையை மெதுவாக வைத்தார்.

"இல்ல. நிழல் சரியா விழல. ஏணியில உட்கார்ந்து வரைஞ்சு பாருங்க, அப்போ தெரியும்."

டில்லி வாயைப் பொத்திக்கொண்டாள். யூடோரா ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசினார்.

"நான் பொறந்த வீடு இது, மிஸ்டர் பிளென்கின். அண்ணனுக்குப் பிறகு எனக்கு வராதுன்னு சின்ன வயசுலேயே தெரியும். அதுக்கு நான் அழலை. ஆனா பியர்ஸ் இதை உடைச்சு விப்பான். அந்தப் பெயின்டர் பையன் உடைக்க மாட்டான்னு தோணுச்சு. சித்தப்பாவோட கேடயம் மொட்டையா, பிளக்காம இருந்துது. பிரம்மச்சாரிக் கேடயம். தாத்தா வேணும்னே அவளோட பாதியை விட்டுட்டார்னு நினைச்சேன். அந்தப் பாதியை நான் கொடுத்தேன், அவ்வளவுதான்."

"அவங்களுக்குப் பாதியே கிடையாது. சின்னம் இல்லாத வீட்டுப் பெண்ணைக் கட்டினா கேடயம் பிளக்காது. புருஷனோடது மட்டும்தான் நிக்கும்."

"சின்னம் இல்லாத வீடா?" என்றார் யூடோரா. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை.

"நாட்ல பாதிக்கு மேல அப்படித்தான் மேடம்" என்றாள் டில்லி. "எங்க வீட்ல குடை மாட்டற ஆணிகூடக் கிடையாது."

யூடோரா கோபித்துக்கொள்ளவில்லை. அவமானத்தில் காது நுனி சிவந்துவிட்டது.

"தாத்தாவைப் பத்திச் சொல்லுங்க" என்றேன். எதையாவது பேசி அந்த நிமிஷத்தைக் கடத்தத்தான் கேட்டேன்.

"கல் நெஞ்சு. ரோசினா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மால்டாவுலேருந்து வந்தா. வாசப்படி மிதிக்க விடல. ஆனா பொய் மட்டும் அவர் வாயில வராது. சித்தப்பா பலகையை எப்படி வரையணும்னு அவர்தான் சொன்னாராம். ஞாயித்துக்கிழமையானா அதுக்கு நேர் எதிர்ல உட்காருவார். குழந்தையா இருந்தப்போ நானும் அவர் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். அண்ணாந்து அதையே பார்த்துக்கிட்டிருப்பார்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"கேடயத்துக்குப் பின்னாடி இருக்கற கறுப்பு. அதையும் நீங்கதான் அடிச்சீங்களா?"

"அந்தக் கரியை நான் எதுக்குத் தொடணும்?"

"டில்லி, வண்டியில துணி இருக்கா? சோப்பு?"

"சார், தலைவலியா?"

"கோட்டைப் போட்டுக்குங்க, மிஸ் கார்வெல்" என்றேன். போட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

இந்தமுறை டில்லி ஏணி ஏறினாள். சாயங்கால வெளிச்சம் இன்னும் கொஞ்சம் ஜன்னலில் இருந்தது. யூடோரா நடைபாதையில் கைத்தடியை ஊன்றி நின்றார்.

"கேடயத்தைத் தொடாதே. அதுக்கு வெளியே, இடது பக்கம் துடை" என்றேன்.

டில்லி ஈரத்துணியால் தேய்த்தாள். "கரி வருது. அடியிலயும் கறுப்புதான் சார்."

"இப்போ வலது பக்கம்."

தேய்த்தாள். பிறகு நிறுத்தினாள். மறுபடி வேகமாகத் தேய்த்தாள். அவள் கையடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய இடம் தோன்றி, கீழ்நோக்கி வளர்ந்தது. டில்லி ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

"வெள்ளை, சார்" என்றாள்.

நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பலகைகளில் பின்னணிக்கும் பேச்சு உண்டு. கறுப்பு செத்தவருக்கு, வெள்ளை உயிரோடிருப்பவருக்கு. இடது பாதி புருஷனுடையது, வலது பாதி மனைவியுடையது. பிரம்மச்சாரி என்றால் முழுப் பலகையும் கறுப்பு. பாதி வெள்ளை என்றால் செத்தவருக்குப் பின்னால் ஒரு மனைவி உயிரோடிருக்கிறாள் என்று அர்த்தம். வைப்பாட்டிக்கு யாரும் வெள்ளை விடமாட்டார்கள். மருமகளை வீட்டுக்குள் விடாத கிழவர், அவளை மருமகள் இல்லை என்று தேவாலயத்தில் சொல்ல மனம் வராமல், வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறார். கணப்படுப்புப் புகை அதை மூடிவிட்டது. கேடயத்தைப் பார்த்த அவசரத்தில் அதைச் சுற்றியிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் யூடோராவிடம் சொன்னேன்.

"அப்போ நான் இதைத் தொடாம இருந்திருந்தா?"

"கரியைத் துடைச்சிருந்தாலே போதும், வியாழக்கிழமை ஸ்டான்லி ஜெயிச்சிருப்பார்."

இதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம். நான் களைத்திருந்தேன்.

"சார், வண்டியில டர்பன்டைன் இருக்கு" என்றாள் டில்லி ஏணியிலிருந்தே. "கோதுமையைத் துடைச்சு எடுத்துட்டா, பலகை தாத்தா விட்ட மாதிரியே ஆயிடும். யாருக்குத் தெரியும்?"

"கோதுமையோட எடுத்த படம் குழு கையில இருக்கு. பலகையில அது காணாமப் போனா முதல்ல யாரைப் பிடிப்பாங்க? பிரஷ் பிடிக்கறதையே தொழிலா வெச்சிருக்கற ஸ்டான்லியைத்தான். போலி கொண்டு வந்தவன்னு ஆயிட்டா, வெள்ளையைக் காட்டினாலும் அதையும் நீதான் அடிச்சேன்னு சொல்லிடுவாங்க. அவங்க வீட்டு மேல இருக்கற பேரு அப்படியே நிலைச்சுடும்."

யூடோரா தன் தாத்தா உட்காரும் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் வரைஞ்சேன்னு சபையில சொன்னா?"

"படத்துல இருக்கற பொய் உங்களோடதுன்னு ஆகும். கரிக்கு அடியில இருக்கறதை நீங்க தொடலைன்னு நிபுணரை வெச்சுக் காட்டலாம். நம்ப வாய்ப்பு இருக்கு."

"ஜெயிலா?"

"தெரியாது."

"பத்திரிகையில வருமா?"

"முதல் பக்கத்துல."

"பியர்ஸ் சிரிப்பான்." கைத்தடியைத் தேடி எடுத்தார். "நீங்க அவன் பக்கத்து ஆளுதானே? கிரிம்ஷாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"பார்த்ததை. வெள்ளையையும் சேர்த்து."

தலையசைத்துவிட்டு எழுந்தார். "எக்ஸெட்டர் எவ்வளவு தூரம்? அந்தப் பையன் இதைச் சபையில கேக்கறதுக்கு முன்னாடி என் வாயால கேக்கணும்."

வழி நெடுக டில்லி பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினாள்.

நாங்கள் போனபோது ஸ்டான்லி கடையடைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். ரோமக்கோட்டைப் பார்த்ததும் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் எதிரில் நின்று பார்த்ததில்லை.

யூடோரா வாசலைத் தாண்டி வரவில்லை. தான் வரைந்ததையும், அதனால் கெட்டதையும், ஒன்று விடாமல் சொன்னார். கான்டீன்காரர் மகளுக்குச் சின்னம் இருக்காது என்பது தனக்குத் தோன்றவில்லை என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை இதை அங்கேயும் சொல்லுவேன். ஜெயிப்பீங்களா தெரியாது. ஆனா ஒண்ணு உங்களுக்குத் தெரியணும். உங்க கொள்ளுப்பாட்டி எங்க சித்தப்பாவோட மனைவி. முறையா."

ஸ்டான்லி கந்தல் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"அது எங்க வீட்ல எல்லாருக்கும் எப்பவும் தெரியும், மேடம். உங்க வீட்டுக்குத்தான் தெரியாம இருந்துது."

"தெரியாமலும் இல்ல" என்றார் யூடோரா. "தாத்தா எல்லாரும் பார்க்கற மாதிரி சுவர்ல மாட்டியே வெச்சிருந்தார். நாங்க ஒருத்தரும் துடைச்சுப் பார்க்கல."

ஸ்டான்லி பெயின்ட் டப்பாக்களை ஒதுக்கிவிட்டு, பட்டறையில் இருந்த ஒரே முக்காலியை இழுத்து, தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் விரித்தார்.

"உள்ள வந்து உட்காருங்க, அத்தைப் பாட்டி."

யூடோரா கார்வெல் வாசலைத் தாண்டி வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் அழுதார்.